மிலிட்டரிக் குடும்பத்துக்கு வீடு

வேலூரில் மாடியில் ஒரு போர்ஷன் கட்டி வைத்திருப்பவனுக்கு நாலு வகைக் குடித்தனம் தேடி வரும். முதலாவது, சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வரும் வெளிமாநிலத்துக் குடும்பங்கள். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருவார்கள். ஒரு மாதம், இரண்டு மாதம் என்று கேட்பார்கள். இரண்டாவது, வி.ஐ.டி. பிள்ளைகள். மூன்று பேர் என்று சொல்லி ஏழு பேர் இருப்பார்கள். மூன்றாவது, தோல் தொழிலில் இருப்பவர்கள். நாலாவது, மிலிட்டரிக் குடும்பம். இந்த நாலாவது வகையைப் பற்றித்தான் இன்று எழுதப் போகிறேன். எங்கள் பக்கத்தில் இப்போது "மிலிட்டரியா, வேண்டாம்" என்று சொல்லும் வழக்கம் வந்திருக்கிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

முதலில் தோல்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை. என் தாயார் ஊர் ஆம்பூர். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டித் தோல் இல்லாத ஊர் கிடையாது. டேனரி சூப்பர்வைசர், ஷூ கம்பெனி கட்டிங் மாஸ்டர் என்று நல்ல மனிதர்கள் என் வீட்டில் இருந்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் வாடகை, ஐரோப்பாவிலிருந்து வரும் ஆர்டரைப் பொறுத்தது. கழிவுநீர் வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது இரண்டு மாதம் நின்றது. 2008-ல் அமெரிக்காவில் பேங்க் கவிழ்ந்தது, இங்கே சத்துவாச்சாரியில் எனக்கு வாடகை வரவில்லை. 2020 ஊரடங்கைச் சொல்லவே வேண்டாம். அவர்கள் மேல் குற்றம் இல்லை. தொழில் அப்படி.

மிலிட்டரிக் குடும்பம் என்றால் முதல் தேதி சம்பளம். ஆர்டர் வந்தாலும் வராவிட்டாலும் அரசாங்கம் கொடுக்கும். வீட்டில் குடி, கூச்சல் கிடையாது. அதற்கு ஆம்பிளையே வீட்டில் இல்லை என்பதும் ஒரு காரணம். வருஷத்துக்கு இரண்டு மாதம் லீவில் வருவார். மற்ற நாளில் மனைவியும் பிள்ளைகளும்தான். ஊரில் வயதானவர்கள் நிலத்தைப் பார்த்துக்கொள்வார்கள். பிள்ளைகளின் படிப்புக்காக மருமகள் டவுனில் வாடகைக்கு இருப்பாள். கேன்டீனும் முன்னாள் படைவீரர் நல அலுவலகமும் டவுனில்தான். காட்பாடி ஜங்ஷன் பக்கம், லீவில் வருபவருக்கும் சௌகரியம். எல்லைப் பகுதிக்கு அனுப்பினால் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. அமைதிப் பகுதிக்கு மாற்றினால்தான் குவார்ட்டர்ஸ், அதுவும் முறை வந்தால். ஆகவே நம் ஜில்லாவின் பட்டாளத்துக்காரர் எத்தனை பேரோ, அத்தனை வாடகை வீடு வேண்டும். கணியம்பாடி பக்கத்துக் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். குடியாத்தம் பக்கத்திலும் பட்டாளத்துக்காரர் இல்லாத ஊரைத் தேடத்தான் வேண்டும்.

இது இன்று நேற்று வந்ததும் இல்லை. 1806 ஜூலை 10 வேலூர்ப் புரட்சியைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அதில் ஒரு சிறு விவரம் எனக்கு எப்போதும் ஞாபகம் இருக்கும். அன்று கோட்டையில் இருந்த சிப்பாய்களில் குடும்பம் உள்ளவர்கள் சாதாரணமாகக் கோட்டைக்கு வெளியே குடிசைகளில் மனைவி மக்களோடுதான் இரவு தங்குவார்கள். மறுநாள் காலையில் அணிவகுப்பு என்பதால் அந்த ஒரு இரவு உள்ளே படுக்கச் சொன்னார்கள். புரட்சி அந்த இரவில் வெடித்தது. அதாவது பட்டாளத்தான் உள்ளே, அவன் குடும்பம் வெளியே என்பது இருநூறு வருஷத்துக்கு மேலாக வேலூரில் உள்ள ஏற்பாடு. அந்தச் சண்டைக்கு ஒரு காரணம் புதுத் தலைப்பாகையில் வைத்த தோல் குஞ்சம். தோல் சங்கதி வேலூரை அப்போதும் விடவில்லை.

நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பதை இங்கே பலமுறை சொல்லியிருக்கிறேன். தகப்பனார் காலமான பிறகு தாயாரோடு ஆம்பூருக்கு வந்து, தமிழில் மனு எழுதக் கற்றுக்கொண்டு, சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதி, வட ஆற்காடு கலெக்டர் ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவன். பாண்டிச்சேரியில் நான் பார்த்த பட்டாளத்துக்காரர்களை அங்கே சொல்தா என்பார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து சைகோன், அல்ஜீரியா எல்லாம் போய் வந்து, பிரான்சிலிருந்து பென்ஷன் வாங்கியவர்கள். எங்கள் தெரு முனையில் ஒரு சொல்தா வாடகைக்கு வந்தார். வீட்டுக்காரச் செட்டியார் வாசலில் நாற்காலி போட்டு உட்கார, சொல்தா தம் லிவ்ரே மிலித்தேரை எடுத்து நீட்டினார். படைவீரனின் முழு சரித்திரமும் அந்தச் சின்னப் புத்தகத்தில் இருக்கும். எந்த வருஷம் சேர்ந்தான், எங்கே இருந்தான், என்ன மெடல், எல்லாம். செட்டியாருக்கு ஒரு எழுத்தும் தெரியாது. பத்து வயசுப் பையனான என்னைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். நான் வாசிக்க வாசிக்கத் தலையாட்டினார். வீடு கொடுத்துவிட்டார்.

அன்றைக்கு எனக்குப் புரியாத ஒன்று, பிற்பாடு என் தாயார் சொல்லிப் புரிந்தது. அந்தச் சொல்தாவின் தகப்பனார் அந்தத் தெருவுக்குள் வந்து வீடு கேட்டிருக்க முடியாது. அவர்கள் சேர்ந்த ஜாதிக்கு அந்தத் தெருவில் வீடு கிடையாது. சைகோனும் பென்ஷனும் லிவ்ரேயும்தான் அந்தக் கதவைத் திறந்தன. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாருங்கள்.

என் வீட்டுக்கு 1997-ல் ஒரு மிலிட்டரிக் குடும்பம் குடிவந்தது. அந்தப் பெண்ணுக்கு இருபத்து நாலு வயசு இருக்கும், கையில் ஒரு குழந்தை. கணவர் ராணுவத்தில் லாரி டிரைவர். 1999 மே மாதம் கார்கில் சண்டை ஆரம்பித்தது. எங்கள் வரிசையில் நாலு வீட்டுக்கு என் வீட்டுத் தொலைபேசிதான் பொது. மாடியில் கிடையாது. அவர் எங்கே இருக்கிறார் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. அவருக்குப் போகும் கடிதத்தில் விலாசம் 56 ஏ.பி.ஓ. என்று மட்டும் இருக்கும். அந்த விலாசம் காஷ்மீரும் ஆகலாம், ராஜஸ்தானும் ஆகலாம். சமையல் முடித்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கீழே வந்து எங்கள் ஹாலில், போனுக்கு எதிரே, தரையில் உட்கார்ந்துகொள்வாள். டி.வி. செய்தி போட்டால் எழுந்து வெளியே போய்விடுவாள். செய்தி முடிந்ததும் திரும்ப வருவாள். என் மனைவி ஒன்றும் கேட்கமாட்டாள், கீரையை முன்னால் வைத்து ஆயச் சொல்வாள். அந்த வாரங்களில் நாங்கள் தின்ற கீரைக்குக் கணக்கில்லை.

போன் அடிக்கும்போதெல்லாம் நான்தான் எடுக்க வேண்டும் என்பது எழுதப்படாத ஏற்பாடு. என் ஆபீஸ் ஃபோன், மைத்துனன் ஃபோன், ராங் நம்பர், எல்லாவற்றுக்கும் அவள் முகம் ஒரே மாதிரிதான் இருக்கும். ஜூலை கடைசியில் ஒரு ராத்திரி பத்தரைக்கு அவர் கூப்பிட்டார். லைனில் இரைச்சல். என்னிடம் அவர் முதலில் கேட்டது, "சார், இந்த மாசம் வாடகை வந்துதுங்களா?" என்றுதான். வந்தது என்றேன். பிறகு அவளிடம் கொடுத்தேன். அவள் பேசவே இல்லை, காதில் வைத்துக்கொண்டு நின்றாள். ஒரு நிமிஷத்தில் லைன் போய்விட்டது. அவர் ஊருக்கு முழுசாக வந்து சேர்ந்தார், பிற்பாடு பென்ஷனும் வாங்கினார். அந்தக் குழந்தை இப்போது நர்ஸ்.

அதன் பிறகு சில வருஷம் என் மாடியில் மாற்றி மாற்றி மிலிட்டரிக் குடும்பங்கள்தான். ஒருவர் காலி செய்யும்போது அவரே இன்னொருவரைக் கூட்டி வருவார். விளம்பரம், புரோக்கர் எதுவும் இல்லை. ஆளை ஆள் அறிந்து வருவது. அப்புறம் தோல்காரர்கள், காலேஜ்காரர்கள் என்று போய்விட்டது.

மூன்று வருஷத்துக்கு முன் மாடி காலியானபோது, பெங்களூரில் இருக்கும் என் மகன், "அப்பா, போர்டு மாட்டுவதெல்லாம் அந்தக் காலம்" என்று சொல்லி, வீட்டின் படங்களை எடுத்து இணையத்தில் போட்டான். அரை மணியில் போன். சுத்தமான இங்கிலீஷ். இந்தியன் ஆர்மி, மாற்றல் ஆகி வேலூருக்கு வருகிறேன், வீடு ரொம்பப் பிடித்துவிட்டது, இப்போதே அட்வான்ஸ் அனுப்புகிறேன். எங்கே வேலை என்று கேட்டேன். வேலூர் ஏர்போர்ட் என்றார். அப்துல்லாபுரத்தில் இருக்கும் அந்த ஓடுதளத்தை நான் நாற்பது வருஷமாகப் பார்க்கிறேன். பயணிகள் விமானம் ஒன்றும் அதில் வந்து இறங்கியபாடில்லை. ஏர்போர்ட்டில் எத்தனை பேர் வேலை செய்கிறீர்கள் என்று கேட்டேன். ஹிந்திக்கு மாறினார். எனக்கு ஹிந்தி வராது, பிரெஞ்சில் பேசலாமா என்றேன். போனை வைத்துவிட்டார். அடுத்த பத்து நிமிஷத்தில் வாட்ஸ்அப்பில் வந்து விழுந்தன ராணுவ அடையாள அட்டை, கேன்டீன் கார்டு, ஆதார், யூனிபார்மில் ஒரு போட்டோ. நான் எதையும் கேட்கவில்லை. கேட்காமலே வந்தது.

இந்த மோசடி இந்தியா முழுவதும் நடக்கிறது. பெங்களூர், மும்பை, சென்னை என்று பத்திரிகையில் பலமுறை வந்துவிட்டது. ராணுவம் என்பார்கள், சி.ஐ.எஸ்.எஃப். என்பார்கள். நம் பக்கம் அதை நம்பவும் இடம் இருக்கிறது. அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி தளம் உண்டு, தக்கோலத்தில் சி.ஐ.எஸ்.எஃப். பயிற்சி மையம் உண்டு. அவர்கள் சொல்லும் கதை இதுதான்: ராணுவத்தில் அட்வான்ஸை அக்கவுன்ட்ஸ் பிரிவுதான் அனுப்பும். அதற்கு முன் உங்கள் கணக்கு சரியா என்று பார்க்க நீங்கள் ஒரு ரூபாய் அனுப்புங்கள், இரண்டாகத் திருப்பி அனுப்புவோம். ஒரு ரூபாய்க்கு இரண்டு ரூபாய் வரும். அதோடு நம்பிக்கையும் வரும். பிறகு, "இந்தப் படத்தை ஸ்கேன் பண்ணி உங்கள் பின் நம்பரைப் போடுங்கள், அட்வான்ஸ் வந்துவிடும்" என்பார்கள். நம் வயசுக்காரர்கள் இதை மட்டும் நெஞ்சில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: பணம் வாங்குவதற்குப் பின் நம்பரும் வேண்டாம், ஸ்கேனும் வேண்டாம். பின் நம்பர் போட்டால் பணம் போகும், வராது. அக்கவுன்ட்ஸ் பிரிவு, ரிவர்ஸ் பேமென்ட் எல்லாம் கட்டுக்கதை. ஒரு ஜவான் அட்வான்ஸ் கொடுக்கிறான் என்றால் நம்மைப் போலத் தன் சம்பளக் கணக்கிலிருந்து தானே அனுப்புவான்.

எங்கள் தெருவில் ஒருவர், ஷூ கம்பெனியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர், இந்த வலையில் விழுந்தார். ஐயாயிரத்தில் ஆரம்பித்து மூன்று தவணையில் எழுபத்தொன்பதாயிரம் போயிற்று. முப்பது வருஷம் ஒரு ரூபாய் வித்தியாசம் வராமல் பேரேடு முடித்தவர். அதனாலேயே இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. 1930 என்ற எண்ணுக்கு உடனே சொல்லியிருந்தால் பணம் போன கணக்கை முடக்கப் பார்த்திருப்பார்கள். மூன்றாம் நாள் சொன்னார். அதற்குள் பணம் எங்கெங்கோ போய்விட்டது. நான் அவருடைய புகாரை எழுதிக் கொடுத்தேன். அவர் சொன்னது: "மிலிட்டரின்னதும் எதிர்த்துக் கேட்க மனசு வரல சார். நாட்டுக்காக நிக்கிறவன்கிட்ட ரசீது கேட்பதா?"

திருடன் முதல் போட்டதே அந்த மரியாதையில்தான். அதற்கப்புறம் தெருவே முடிவு செய்துவிட்டது, மிலிட்டரிக்கு வீடு இல்லை என்று.

போன வருஷம் மே மாதம் வெயிலில் ஒரு பெண் கேட்டருகே வந்து நின்றாள். சற்றுத் தள்ளி நிழலில் ஒரு பெரியவர், கைத்தடியோடு.

"ஐயா, மாடி காலியா இருக்குதுங்களா?"

"இருக்குதும்மா. எங்கிருந்து வர்றீங்க?"

"கணியம்பாடி பக்கங்க. அவரு மிலிட்டரில இருக்கறாரு." நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்: "குடுக்க மாட்டீங்கன்னா இப்பவே சொல்லிடுங்க ஐயா. மாமாவால வெயில்ல நிக்க முடியாது. காலையிலிருந்து இது அஞ்சாவது வீடு."

உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். பெரியவர் உட்காருவதற்கு முன் செருப்பைக் கழற்றிச் சுவரை ஒட்டி ஜோடியாக வைத்தார். அதை வைத்த விதத்திலேயே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது. "நானும் பட்டாளம்தாங்க சார். மெட்ராஸ் ரெஜிமென்ட். எண்பத்தேழுல சிலோனுக்குப் போயிட்டு வந்தேன்" என்றார்.

மகனுக்கு போன் போட்டேன். "அப்பா, ஐ.டி. கார்டு ஜெராக்ஸ் கேளுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம்" என்றான். அவன் கவலை அவனுக்கு. அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "கார்டு அவருகிட்ட இருக்குதுங்க. இங்க இருந்தாலும் ஜெராக்ஸ் எடுக்க விடமாட்டாரு. கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்றாள்.

எனக்கு வேண்டிய பதில் அதுதான். ராணுவ அடையாள அட்டையை நகல் எடுத்துக் கண்டவரிடம் கொடுப்பது படையில் பெரிய தப்பு. உண்மையான சிப்பாய் அதைக் கொடுக்கமாட்டான். கேட்காமலே வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவன் சிப்பாய் இல்லை. நம் வீட்டுக்காரர்கள் இதை நேர் தலைகீழாக வைத்திருக்கிறார்கள். கார்டு அனுப்பியவனை நம்புகிறார்கள், அனுப்பாதவனைச் சந்தேகப்படுகிறார்கள்.

கார்டு இல்லாமல் எப்படி ஆளைத் தெரிந்துகொள்வது? நான் செய்ததைச் சொல்கிறேன். அந்தப் பெண்ணின் ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பள்ளிச் சான்று பார்த்தேன். பெரியவர் தம் டிஸ்சார்ஜ் புத்தகத்தை மஞ்சள் பையிலிருந்து எடுத்தார். துணி ஒட்டிய அட்டை, மூலையெல்லாம் தேய்ந்தது. புரட்டியபோது பாண்டிச்சேரி லிவ்ரே ஞாபகம் வந்தது. அதே கட்டங்கள்தான், பாஷைதான் வேறு. ஊர் பெயரைக் கேட்டுக்கொண்டு, அந்தப் பக்கம் வேலை பார்த்த பழைய ரெவின்யூ சிநேகிதர் ஒருவரிடம் விசாரித்தேன். பெரியவரைத் தெரியும் என்றார். தேவைப்பட்டால் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டிருப்பேன், தேவைப்படவில்லை. கணவர் இப்போது எந்த இடத்தில் இருக்கிறார் என்று நான் கேட்கவில்லை. அதைக் கேட்பதும் தப்பு, மனைவியைச் சொல்ல வைப்பதும் தப்பு. ஊர் விலாசமும் ஏ.பி.ஓ. விலாசமும் போதும்.

எல்லாவற்றையும்விட ஒரு விஷயம். அந்தப் பெண் மாடி ஏறிப் போய்க் குழாயைத் திறந்து பார்த்தாள். காவிரித் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, தொட்டி எத்தனை லிட்டர், மொட்டைமாடிக் கதவுக்குப் பூட்டு உண்டா, இரவில் தெரு விளக்கு எரியுமா என்று கேட்டாள். தனியாகப் பிள்ளைகளோடு இருக்கப் போகிறவள் கேட்கும் கேள்விகள். வீட்டைப் பார்க்காமலே பிடித்துவிட்டது என்று சொன்னவன் ஒருவனும் இதைக் கேட்டதில்லை.

வாடகையைக் குறைக்கவில்லை. அந்த விஷயத்தில் எனக்குத் தெளிவு உண்டு. நாட்டுக்கு உழைக்கிறார் என்று ஐந்நூறு ரூபாய் குறைத்தால், அடுத்த மாதம் அதை நாலு பேரிடம் சொல்லிக் காட்டும் வீட்டுக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். எல்லோருக்கும் ஒன்பதாயிரம், இவர்களுக்கும் ஒன்பதாயிரம். மூன்று மாத அட்வான்ஸ்.

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். மிலிட்டரி என்று கேள்விப்பட்டேன், ஏமாந்துவிடாதீர்கள் என்று ஆரம்பித்தார். எல்லாம் விசாரித்துவிட்டேன் என்றேன். அப்படியா என்று கொஞ்சம் உட்கார்ந்திருந்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அந்த ஊர்ல எங்க? ஊரா, காலனியா?"

2025 ஏப்ரலில் காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாகச் சட்டசபையில் முதலமைச்சர் அறிவித்தார். பக்கத்து வீட்டுக்காரருக்குச் செய்தி எட்டவில்லை போலும். எனக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியது. மோசடி பயம் உண்மைதான், எழுபத்தொன்பதாயிரம் போனது உண்மைதான். ஆனால் அந்த நாலு வீட்டில் எத்தனை வீடு அந்த பயத்தால் மூடியது, எத்தனை வீடு அந்த பயம் கிடைத்தது நல்லதாயிற்று என்று மூடியது? முன்பெல்லாம் "மிலிட்டரி" என்ற ஒரு வார்த்தை, "ஊரா, காலனியா" என்ற கேள்வியை வாய்க்குள்ளேயே நிறுத்தி வைத்திருந்தது. கேட்க வெட்கப்படுவார்கள். இப்போது கேட்காமலே இல்லை என்று சொல்லிவிடலாம், நாகரிகமான காரணம் கைவசம் இருக்கிறது. நான் அவருக்கு, "ஊரில்தான், பட்டாளத்துக்காரர் ஊரில்" என்று மட்டும் சொன்னேன்.

இன்னொரு பயமும் நம் ஆட்களிடம் உண்டு. மிலிட்டரிக்காரனைக் காலி செய்ய வைக்கவே முடியாது, கோர்ட்டுக்குப் போனாலும் சட்டம் அவன் பக்கம் என்பார்கள். இதற்கு வேர் 1925-ஆம் வருஷத்து இந்தியப் படைவீரர் வழக்குச் சட்டம். அது சொல்வது வேறு. போர் நிலையில் இருக்கும் சிப்பாய் மேல் ஒரு வழக்கு நடந்து, அவன் ஆஜராக முடியாது என்றால், கலெக்டர் அதைக் கோர்ட்டுக்குத் தெரிவிக்கலாம், கோர்ட் வழக்கைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைக்கும். அவ்வளவுதான். அவன் இல்லாத நேரத்தில் அவன் தலைக்கு மேல் தீர்ப்பு எழுதாதே என்கிறது. வீட்டை அவனுக்கே எழுதி வை என்று சொல்லவில்லை. என் சர்வீசில் அப்படி ஒரு கடிதம் எங்கள் பிரிவிலிருந்து போனதைப் பார்த்திருக்கிறேன், அது வரப்புத் தகராறு, வாடகை வழக்கு இல்லை. முப்பத்து நாலு வருஷ சர்வீசில் அந்த ஒன்றுதான்.

காலி செய்யும் பயம் உள்ளவர்களுக்கு மருந்து ஒப்பந்தத்தில் இருக்கிறது. பழைய 1960-ஆம் வருஷத்து வாடகைச் சட்டம் போய், 2017-ஆம் வருஷத்துச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். நான் ஒப்பந்தத்தைக் கணவர் பெயரில் எழுதவில்லை. அவர் கையெழுத்துக்காக லீவு வரை காத்திருக்க வேண்டி வரும். குடியிருக்கப் போவது மனைவி, வாடகை அனுப்பப் போவதும் மனைவி, ஆகவே அவள் பெயரில். மாற்றல் உத்தரவு வந்து குவார்ட்டர்ஸ் கிடைத்தால் ஒரு மாத நோட்டீஸில் காலி செய்யலாம், அட்வான்ஸில் பிடித்தம் இல்லை என்று ஒரு வரி சேர்த்தேன். பள்ளிக்கூட வருஷத்தின் நடுவில் நானாகக் காலி செய்யச் சொல்வதில்லை என்று இன்னொரு வரி. இந்த இரண்டாவது வரிக்கு மகன் சம்மதிக்கவில்லை. வீடு இன்னும் என் பெயரில்தான் இருக்கிறது.

அக்டோபரில் அவர் லீவில் வந்தார். ஹவில்தார். ஆட்டோவிலிருந்து கறுப்பு டிரங்குப் பெட்டி இறங்கியது, வெள்ளை பெயிண்டில் நம்பரும் பெயரும். முதல் நாள் தூங்கினார். இரண்டாம் நாள் என்னைக் கேட்காமல் என் மோட்டார் பம்பின் வால்வை மாற்றினார். மூன்றாம் நாள், ஷூ கம்பெனிக் கணக்கர் தம் செல்போனோடு வந்தார். அந்த மோசடிக்காரன் அனுப்பிய அட்டைகளை அவர் இன்னும் வைத்திருந்தார். ஹவில்தாரிடம் நீட்டி, "தம்பி, இது என்ன போலின்னு பார்த்துச் சொல்லுங்க, எதில் தப்பு விட்டேன்னு தெரிஞ்சுக்கணும்" என்றார்.

ஹவில்தார் வாங்கிக் கண்ணாடிக்குக் கிட்டே வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். அந்தப் படத்தில் இருப்பவனுக்கு இருபத்தைந்து வயசு இருக்கும், வடக்கத்தி முகம்.

"கார்டு போலி மாதிரி தெரியல சார். இந்தப் பையன் நிஜ ஜவானா இருப்பான். எங்கயாச்சும் வீடு கேட்டோ, சிம் வாங்கவோ, கார்டை யாருக்காவது அனுப்பியிருப்பான். அதை எடுத்து இவனுங்க சுத்த விட்டிருப்பானுங்க."

"அப்போ இந்தப் பையனுக்கு இது தெரியுமா?"

"போலீஸ் யூனிட்டுக்கு வர்ற வரைக்கும் தெரியாது சார்."

கணக்கர் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வருஷமாகத் தம் பணத்தைத் தின்றவன் என்று தினம் திட்டிய முகம். அழித்துவிடுங்கள் என்றார் ஹவில்தார். அவர் அழிக்கவில்லை. புகார் இன்னும் ஸ்டேஷனில் இருக்கிறது, எப்போதாவது கேட்பார்கள் என்று சொல்லிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.